வண்டி கிளம்பாத நல்ல நேரங்கள்

மகனே,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் இந்த வீட்டிலிருந்து கடிதம் போகும். இந்தத் தடவை மோட்டாரும் சுகம் என்று சேர்த்துக்கொள். வழக்கமாக நான் சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளைதான் எழுதுவார். "பிள்ளையைப் பார்க்கணும்போல இருக்கு" என்று நான் சொன்னால், "முகதரிசனம் காண மிக்க ஆவலாயிருக்கிறோம்" என்று அவர் அதற்கு வேட்டி சட்டை போட்டு அனுப்புவார். இந்தக் கடிதத்தில் இருப்பது அவர் காதுக்குப் போக வேண்டியதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் இதைப் பினாங்குக் கடைக் கிட்டங்கியில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பிரிக்காதே. தனியாக இருக்கும்போது படி.

உன் கடிதம் வந்தது. கடல் தாண்டி வரும் கடிதத்தை வளவு முற்றத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பது நம் வீட்டு வழக்கம். கணக்குப்பிள்ளை அங்கே பெய்த மழையைப் படித்தார், உன் இருமலைப் படித்தார், கூட இருப்பவர்கள் விசாரித்ததைப் படித்தார். கடைசியில் இருந்ததையும் அதே குரலில் படித்தார். "அத்தை எழுதியதைப் பார்த்தேன். பெரியவர்கள் சொல்வதுபோல, காலம் சரியாகிறவரை உமையாள் அவள் வீட்டிலேயே இருக்கட்டும்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். படித்து முடித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தூணுக்குப் பின்னால் உன் பெண்டாட்டி மோர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். உன்னைப் பெற்ற அப்பச்சி நாட்காட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அவளைக் கொண்டுபோய் விட வளர்பிறையில் ஒரு நாளும் குறித்துவிட்டார். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண்ணைக் காலம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் அதற்கு அடுத்த பேச்சு என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாள் போனால், "அந்தப் பெண் அங்கேயே தங்கிட்டாளாமே" என்பார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் வேறு ஜாதகம் வீடு தேடி வரும். இவ்வளவும் எதனால் என்றால், ஒரு மோட்டார் சில நாள் கிளம்பியது, சில நாள் கிளம்பவில்லை என்பதனால். அதனால் அந்த மோட்டாரைப் பற்றி நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கல்யாணத்துக்காகத்தான் உன் அப்பச்சி அதை வாங்கினார். அதற்கு முன்னால் நல்ல நேரம் அவரைப் படுத்திய பாடு ஒன்று உண்டு. அவர் முதன்முதலாகக் கப்பலேறப் புறப்பட்டபோது, நல்ல நேரம் புறப்படும் நாளுக்கு முதல்நாளே வந்து முடிந்துபோவதாக இருந்தது. அதற்கு எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பயணத் துணிகளை மூட்டையாகக் கட்டி, நல்ல நேரத்தில் எதிர்வீட்டில் கொண்டுபோய்ப் பரஸ்தானம் வைத்தார். மூட்டை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு நமக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது போய் மூட்டையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். மறுநாள் எடுக்கப் போனால், எதிர்வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு காளையார்கோவிலுக்குத் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். நல்ல வேட்டிகள் எல்லாம் உள்ளே. இடுப்பில் இருந்ததும் மாற்று ஒன்றுமாக மனிதர் நாகப்பட்டினத்துக்குப் போனார். அந்தக் கதையை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் உள்ளுக்குள் ஆறவில்லை. பிளசர் மோட்டார் வந்ததும் முதல் வேலையாக, "இனிமே மூட்டை எதுக்கு? பிளசரையே பரஸ்தானம் வச்சுருவோம். அதை எவன் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுவான்?" என்றார். எல்லோருக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. எனக்கும்தான்.

அதிலிருந்து விசேஷப் பயணம் என்றால் ஒரே முறைதான். நல்ல நேரம் பிறந்ததும் டிரைவர் மாணிக்கம் கொட்டகையிலிருந்து மோட்டாரை எடுப்பான். ஊருணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வீதிக்கோடியில் பிள்ளையார் கோவில் முன்னால் கிழக்குப் பார்த்து நிறுத்துவான். இஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போதே சூடம் காட்டுவார்கள், சிதறுகாய் உடைப்பார்கள், முன்பக்கத் தகட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எல்லாம் முடிந்து அவன் இஞ்சினை அணைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குள் நாங்கள் அப்போதுதான் நகைப்பெட்டியைத் திறப்போம். ஒருத்திக்கு வளையல் ஏறாது, ஒருத்திக்குக் கொண்டை நிற்காது. மோட்டார் அங்கே வெயிலில் நமக்காகப் பயணம் போய்க்கொண்டிருக்கும்.

முதல் தடவை அது கிளம்பாமல் போனது உன் மறுவீட்டன்று. கானாடுகாத்தானில் சம்பந்தி வீட்டார் காத்திருக்க, நாம் பிள்ளையார் கோவிலடியில் ஏறி உட்கார்ந்தோம். மாணிக்கம் முன்னால் குனிந்து ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டுகிறவரை சுற்றினான். இஞ்சின் இரண்டு தடவை செருமிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. வீதியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லி ஓய்ந்தபிறகு, அப்பச்சிக்கு அக்கா என்ற உரிமையில் உன் அத்தை, "புதுசா வந்த காலை எறக்கிப் பாருங்க" என்றார். உமையாள் இறங்கினாள். சீர்ப் பலகாரத் தகரங்களை ஏற்றிக்கொண்டு போக நின்ற மாட்டு வண்டியில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அவள் அதில் ஏறி உட்கார்ந்ததும், மாணிக்கம் கையை உதறிவிட்டு மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினான். மோட்டார் கிளம்பிவிட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கானாடுகாத்தானில் அவளைப் பெற்றவள் ஆலாத்தித் தட்டை வைத்துக்கொண்டு, மகள் வரும் மாட்டு வண்டிக்காக வெயில் உச்சிக்கு ஏறியபிறகும் வாசலிலேயே நின்றாள்.

நீ கப்பலேறிய பிறகு பிள்ளையார்பட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகப் புறப்பட்டோம். அதேபோல் நின்றது. அவளை இறக்கி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள், கிளம்பியது. தீபாவளிக்கு அவளை அவள் வீட்டுக்கு அனுப்பும்போதும் அதேதான். நடுவில் உன் அப்பச்சி தேவகோட்டைக் கோர்ட்டுக்குப் போய் வந்தார், நான் கடைவீதிக்குப் போய் வந்தேன், ஒரு நாளும் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் தடவை நின்றபோது நானும் ஒரு கணம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்னால் தானாகவே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். மூன்றாம் தடவை யாரும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நீ சின்னவனாக இருந்தபோது உனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் அனலாகக் கொதிப்பாய், மறுநாள் எழுந்து ஓடுவாய். அந்த வீட்டில் அப்போது வைத்தியம் பார்க்காத ஆள் இல்லை. ஒருவர் வேப்பிலை அடித்தார், மறுநாள் காய்ச்சல் இல்லை, வேப்பிலை கேட்டது என்றார்கள். இன்னொருவர் கஷாயம் கொடுத்தார், மறுநாள் காய்ச்சல் இல்லை, கஷாயத்துக்குப் பேர் வந்தது. விட்டு விட்டு வருகிற கோளாறுக்கு இதுதான் குணம். அது தானாக விடும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவருக்கு மாலை விழும். வரும்போது யார் நிற்கிறார்களோ அவர் தலையில் பழி விழும். மோட்டாருக்கும் அப்படித்தான் நடந்தது. மாணிக்கம் பிளக்கைக் கழற்றித் தேய்த்தான், சரியாகிவிட்டது என்றான். பெட்ரோலை வேட்டியில் வடிகட்டி ஊற்றினான், சரியாகிவிட்டது என்றான். உன் அத்தை எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார், அதற்கும் சரியாகிவிட்டது. உமையாளை இறக்கியதும் சரியானது என்பதுதான் கடைசியில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிளக்கைத் தேய்ப்பதைவிட அது சுலபம்.

நாள் குறித்தாகிவிட்டது என்றேன் அல்லவா? அந்த நாளுக்குக் கொஞ்சம் முந்தி, பள்ளத்தூரில் ஒரு சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போக வேண்டியிருந்தது. நானும் உன் அத்தையும் போனோம். உமையாளைக் கூட்டிப் போகவில்லை. துக்கத்துக்கு நல்ல நேரமும் கிடையாது, பரஸ்தானமும் கிடையாது. மாணிக்கம் கொட்டகையில் ஒரு சுற்றுச் சுற்றினான், கிளம்பிவிட்டது. அங்கே போய் அழவேண்டியதை அழுதுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தோம். எவ்வளவு நேரம் இருந்திருப்போம், ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான். ஏறி உட்கார்ந்தால் மோட்டார் கிளம்பவில்லை. அதே செருமல், அதே மௌனம். மாணிக்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இறக்கிவிட இந்தத் தடவை ஆள் இல்லை. உன் அத்தை கொஞ்சமும் தடுமாறவில்லை. "சாவு வீட்டுத் தீட்டு, பின்ன எப்படிக் கிளம்பும்?" என்றார்.

எனக்கு அங்கேதான் இடித்தது. அதே நோய், அதே செருமல். ஆள் இருந்தால் ஆளால், ஆள் இல்லாவிட்டால் தீட்டால். ஒரே வயிற்றுவலிக்குத் திங்கட்கிழமை ஒரு காரணமும் செவ்வாய்க்கிழமை ஒரு காரணமும் சொல்லும் வைத்தியனை நாம் மறுபடி கூப்பிடுவோமா? வேறொன்றும் செய்ய இல்லாததால் சாவு வீட்டு வாசலில், மோட்டாருக்குள் உட்கார்ந்தபடியே யோசித்தேன். இதுவரை நின்ற நாட்களைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருந்தோம். நிற்காத நாட்களை யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை. பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை முடிந்து, பிரசாதம் வாங்கி, கோவில் குளத்தடியில் சாப்பிட்டுவிட்டு வந்து ஏறினோமே, அப்போது உமையாள் என் பக்கத்தில்தான் இருந்தாள். மாட்டு வண்டி திரும்பிப் போய்விட்டதால் அவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டோம். அப்போது முதல் சுற்றிலேயே கிளம்பியது. கிளம்பியதால் அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். "கோர்ட்டுக்குப் போனா எம்புட்டு நேரம் நிக்கும்?"

"பொழுதன்னைக்கும் நிக்கும் ஆச்சி. அய்யா சாயங்காலந்தான் வருவாக."

"அப்பக் கிளம்பாமப் போயிருக்கா?"

"இல்ல ஆச்சி."

"கடைவீதியில?"

"அங்குட்டு நீங்க சீலை எடுக்கப் போனா, நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருவேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓட்டிட்டு வந்து நிறுத்தி, உடனே எடுக்கறது எப்பெப்ப?"

அவன் தலையைச் சொறிந்தான். "அப்படி எடுக்கறது குறைச்சல்தான் ஆச்சி. இன்னைக்கு ஒண்ணு. பெறகு..." என்று நிறுத்தினான். பிறகு அவனே, "பரஸ்தானத்துக்கு வச்சு எடுக்கறது" என்றான். சொல்லிவிட்டு இஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டவன், சுட்டுக்கொண்டு வெடுக்கென்று கையை இழுத்தான். பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துக் கொண்டுவந்து உள்ளே எதையோ சுற்றினான். புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான், கிளம்பிவிட்டது.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், உங்கள் ஊரில் மோட்டார் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பார். பெட்ரோல் கொண்டுவரும் செம்புக்குழாய் ஒன்று இருக்கிறது. புகை போகும் குழாய் இன்னொன்று. மோட்டார் வாங்கிய புதிதில் ஒரு கல்லில் ஏறி அடிப்பக்கம் நசுங்கியதே, நினைவிருக்கிறதா? ஊர்க் கொல்லரைக் கூப்பிட்டுத் தட்டி எடுத்தோம். அப்போது செம்புக்குழாய் வளைந்து, புகைக்குழாயின் மேல் சாய்ந்துகொண்டுவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் காற்றுப் பட்டுத் தணிவாக இருக்கும். நின்றதும் காற்று நின்றுபோகும், புகைக்குழாயின் சூடெல்லாம் செம்புக்குழாயில் ஏறும், உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். அப்போது எவ்வளவு சுற்றினாலும் இஞ்சினுக்குப் போய்ச் சேர ஒன்றும் இருக்காது. சூடு ஆறுகிறவரை விட்டுவைத்தால் தானாகச் சரியாகும். நாம் செய்ததெல்லாம், நன்றாகச் சூடேற்றி, கோவில் முன்னால் நிறுத்தி, சூடம் காட்டி, சூடு உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து ஏறி உட்கார்ந்ததுதான். பிறகு உமையாளை இறக்கி, மாட்டு வண்டியில் இடம் ஒதுக்கி, ஆளுக்கொன்று பேசி முடிக்கும்போது அது ஆறியிருக்கும். புது மருமகள் வாசல் தாண்டுவதென்றால் நேரம் பார்க்காமல் முடியாது. நேரம் பார்த்தால் பரஸ்தானம், பரஸ்தானம் என்றால் சூடு. அவள் ஏறிய நாளெல்லாம் அது நின்றது இதனால்தான்.

இதை வாயால் சொல்லியிருந்தால் உன் அப்பச்சி, "பொம்பளைக்கு என்ன தெரியும் பிளசரைப் பத்தி" என்று முடித்துவிட்டிருப்பார். அதனால் குழாயை அப்படியே விட்டுவைக்கும்படி மாணிக்கத்திடம் சொன்னேன். வந்த திங்கட்கிழமை காலை, ராகு காலம் பிறந்ததும், உமையாளைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் மோட்டாருக்குள் உட்காரச் சொன்னேன். உன் அப்பச்சியையும் வந்து நின்று பார்க்கச் சொன்னேன். மாணிக்கம் கையைப் பிசைந்தான். "ராவு காலம் ஆச்சி, இப்பப் போயி எடுக்கச் சொல்றீகளே" என்றான். "எங்கயும் போகல. சும்மா சுத்து" என்றேன். இராத்திரி முழுதும் நின்று குளிர்ந்திருந்த வண்டி, ஒரு சுற்றில் கிளம்பியது. சூடேற விடாமல் உடனே அணைக்கச் சொல்லிவிட்டேன். உன் அப்பச்சி நாட்காட்டியை ஒரு தடவை பார்த்தார், மோட்டாரை ஒரு தடவை பார்த்தார். உமையாள் இறங்கி உள்ளே போய்விட்டாள்.

பிறகு நல்ல நேரம் வந்தது. வழக்கம்போல ஊருணியைச் சுற்றி, கோவில் முன்னால் நிறுத்தி, சூடம், சிதறுகாய், சந்தனம் எல்லாம் ஒன்று விடாமல் செய்யச் சொன்னேன். பிள்ளையார்பட்டிக்கு வருகிறீர்களா என்று அடுத்த வீதியிலிருந்து உன் அத்தையை அழைத்திருந்தேன். அவர் வைரத்தோடு போட்டுக்கொண்டு, பட்டு உடுத்திக்கொண்டு வந்து, நடுவில் வசதியாக உட்கார்ந்தார். மாணிக்கம் சுற்றினான், கிளம்பவில்லை. மறுபடி சுற்றினான், கிளம்பவில்லை. வீதியில் கூட்டம் சேர்ந்தது, உன் அப்பச்சியும் நின்று பார்த்தார்.

நான் கதவைத் திறந்து, "ஆச்சி, நீங்க கொஞ்சம் எறங்குங்க, கிளம்புதான்னு பாப்போம்" என்றேன்.

"நானா?" என்றார்.

"வேற யாரு இருக்கா உள்ள?"

அவர் முகம் போன போக்கை எழுத எனக்குக் கை வரவில்லை. இறங்கவில்லை, தோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அதற்குமேல் அவரை அங்கே உட்காரவைக்க மனம் வரவில்லை. மாணிக்கத்துக்குக் கண்ணைக் காட்டினேன். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, கொஞ்சம் பொறுத்துச் சுற்றினான். உன் அத்தை உள்ளே இருக்கும்போதே மோட்டார் கிளம்பியது. பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவர் வெளியில் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் இறங்கும்போது எனக்கு விபூதியை எடுத்து நீட்டினார். அதைத் தவிர வேறொன்றும் அவரிடமிருந்து வரவில்லை, வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளே மாணிக்கம் செம்புக்குழாயை நிமிர்த்தி, புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டி, மேலே சூடு தாங்கும் கல்நார்க் கயிற்றைச் சுற்றிவிட்டான். இப்போது எப்படி நிறுத்தினாலும் எப்போது எடுத்தாலும் கிளம்புகிறது. மூன்றாம் நாள் உன் அப்பச்சி, "பரஸ்தானத்துக்கு மூட்டையே போதும்" என்று பொதுவாகச் சொன்னார். உமையாள் வரவில்லை என்று கானாடுகாத்தானுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அவரிடம் இவ்வளவு வருவதே பெரிது.

இந்த நல்ல செய்தியை நானே சொல்லவேண்டும் என்று உமையாளின் அறைக்குப் போனேன். உன் கடிதம் படித்த அன்று கட்டிய பெட்டி அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உமையா, நீ எங்கயும் போகவேணாம். மாமா சொல்லிவிட்டுட்டாக" என்றேன்.

"பிளசரு நல்லாயிருச்சா அயித்தை?"

"ஆயிருச்சு. எந்நேரம் எடுத்தாலும் கிளம்பும்."

"அப்ப நாளைக்கு என்னை எங்க வீட்டுல கொண்டுபோயி விடச் சொல்லுங்க."

நான் திகைத்துப் போனேன். "எல்லாந்தான் வெளிச்சமாயிருச்சே. இனிமே உன்னை யாரு என்ன சொல்லப்போறா?" என்று கேட்டேன்.

அவள் பூவைக் கீழே வைத்தாள். அழவில்லை. உன்னைப் பற்றிப் பேசும்போது எப்போதும் போல மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க எனக்காக இம்புட்டுச் செஞ்சதை நான் மறக்கமாட்டேன் அயித்தை. குத்தம் குழாயில இருந்துச்சு, கண்டுபிடிச்சுட்டீக. கண்டுபிடிக்காமப் போயிருந்தா? மறுவீட்டுக்குப் போனப்ப அவுக என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாக. எல்லாருமா என்னை எறங்கச் சொன்னாக, எறங்குனேன். அவுகளும் கூட எறங்குவாகன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். என் கையை எடுத்துவிட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டாக."

நான் அப்போது மோட்டாரின் முன்பக்கம் மாணிக்கம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. "எப்ப வருவே?" என்று மட்டும் கேட்டேன். "அவுக வந்து கூப்பிட்டா வாரேன். பிளசரு வந்து கூப்பிட்டா வரமாட்டேன்" என்றாள்.

நேற்றுக் காலை போய்விட்டாள். நேரம் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை, உன் அப்பச்சியும் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை ஏற்றி, அவள் ஏறி உட்கார்ந்ததும், மாணிக்கம் முன்னால் போய்க் குனிந்தான். இன்றைக்கு ஒரு நாள் கிளம்பாமல் போகாதா என்று நான் நினைத்தேன். அந்தக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைத்தவள் நான்தான். அது ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது.

இதற்கு நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். அத்தைக்கும் எழுத வேண்டாம், அவளுக்கும் எழுத வேண்டாம். எழுதினால் அது வளவில் உரக்கப் படிக்கப்படும், அங்கேயும் யாராவது தூணுக்குப் பின்னால் நிற்பார்கள். கிடைக்கிற கப்பலில் ஏறு. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் இங்கே வராதே, உன்னை அழைக்க மோட்டார் அனுப்பமாட்டேன். நேரே கானாடுகாத்தானுக்குப் போ. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தால், திறக்கிறவரை வெளியில் நில்.

ஆத்தா